வேலி முள் கீறிய வடு

பத்து மணிக்கு வரவேண்டிய சிஸ்டர் அமுதவல்லி பத்து ஐந்துக்கு வந்தாள். டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தாள், உள்ளே தைத்து வைத்திருக்கும் தோலை விரல் நுனியால் அழுத்தி விட்டாள், வெளுத்த இடம் மறுபடி சிவப்பதற்குள் உதட்டுக்குள் மூன்று எண்ணினாள். பிறகு தாடைக்குக் கீழே கழுத்தில் மை வைத்திருந்த இடத்தில் பேனா மாதிரியான கருவியை வைத்தாள். சுஷ், சுஷ், சுஷ் என்று ரத்தம் ஓடுகிற சத்தம் அவள் கையிலிருந்த சின்னப் பெட்டியிலிருந்து வந்தது. நல்லா ஓடுதுங்கய்யா என்று சொல்லி, கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் பத்து மணி என்று எழுதிவிட்டுப் போனாள். அர்த்தநாரிக்கு அந்த ஐந்து நிமிடம் உறுத்தியது. பத்து ஐந்துக்கு வந்ததைப் பத்து என்று எழுதலாமா. எழுதினால் யாருக்கு என்ன கெட்டுப்போகும், பாவம், எட்டுக் கட்டிலுக்கு ஒற்றை ஆள். ஆனாலும் பத்து ஐந்து பத்து ஐந்துதான். நீ யார் அதைக் கேட்பதற்கு என்று அவருக்குள்ளேயே ஒன்று கேட்டது, கேட்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். தொண்டையில் குழாய் போட்டிருந்தார்கள். பேச முடியாது. மூடிய கண்ணுக்கு வெளியே, கால்மாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த மகன் குணசேகரனின் பேனா தாளில் கரகரவென்று ஓடியது. மூன்றாவது தாள். முதல் இரண்டும் அடித்தல் திருத்தல் விழுந்து கிழிபட்டுப் போயின. அடுத்த பரிசோதனை பதினொன்றுக்கு, அதற்கு டாக்டரம்மாவே வருவார், அதற்குள் எழுதி முடித்து அப்பாவிடம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்பது மகனின் கணக்கு. ஐம்பத்தைந்து நிமிடம். இல்லை, யோசித்துக்கொண்டே இரண்டு போயிற்று, ஐம்பத்து மூன்று.

மகன் எழுதிக்கொண்டிருப்பது டாக்டர் பெனிட்டாவின் மேல் புகார். அது பொய்ப் புகாரும் இல்லை, அதுதான் சங்கடம். அர்த்தநாரிக்கு இடது கன்னத்தின் உள்ளே புற்று. வெற்றிலையும் புகையிலையுமாக முப்பது வருடம் அடக்கி வைத்திருந்த அதே இடம். அதை வெட்டி எடுத்துவிட்டு, வெட்டிய பள்ளத்தை மூட வலது தொடையிலிருந்து சதையும் தோலும் ரத்தக்குழாயோடு சேர்த்து எடுத்து வைத்துத் தைப்பது என்று முடிவு. அதைத்தான் அந்த அம்மா காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். செடியை வேரும் மண்ணுமாகப் பெயர்த்து வேறு இடத்தில் நடுகிற மாதிரி, குழாய்தான் வேர், அது போனால் எல்லாம் போச்சு என்றார். எட்டு மணி நேரம் ஆகும் என்றார். ஆனது பதினைந்தரை. தொடையில் பெயர்க்கும்போதே அந்தக் குழாய் அறுந்துபோனது. இரண்டரை மணி நேரம் அதை ஒட்டித் தைத்துப் பார்த்தார்களாம், ரத்தம் ஏறவில்லை, சதை கறுத்துவிட்டது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இடது முன்கையில் மணிக்கட்டுக்கு மேலே இருந்து தோலை எடுத்து வைத்தார்கள். நாற்பது வருடம் கைக்கடிகாரம் கட்டியிருந்த இடம். வெயில் படாமல் வெளுத்துக் கிடந்த அந்தப் பட்டை இப்போது வாய்க்குள் இருக்கிறது. நாக்கை அசைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தும் நேற்று ஒரு தடவை நாக்கு நுனி அங்கே போய்விட்டது, முடி தட்டுப்பட்டது, தன் கைமுடியைத் தன் நாக்கே தொட்டது, அவர் கூசிப்போய் நாக்கை இழுத்துக்கொண்டார். அதெல்லாம் பரவாயில்லை. நேற்று சாயங்காலம் நாலு பத்துக்கு டாக்டர் பெனிட்டா வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். உட்காரவில்லை. முப்பத்தைந்து வயது இருக்குமா, கண்ணுக்குக் கீழே முகக்கவசத்தின் தழும்பு இன்னும் போகாமல் இருந்தது. "ஐயா, நான் காப்பாத்தியிருக்க வேண்டிய குழாய். என் கையிலதான் அறுந்துச்சு. நீங்க தெரிஞ்சுக்கணும்" என்றார். மகனும் மருமகளும் நிற்கும்போதே சொன்னார். யாரும் கேட்கவில்லை. கேட்காமலே வந்து, என் கையிலதான் என்று சொல்லிவிட்டுப் போனார். இப்படியும் சொல்ல முடியுமா ஒரு ஆளால். அர்த்தநாரி அந்த வார்த்தையை நேற்றிலிருந்து எத்தனை தடவை மனசுக்குள் போட்டுப் புரட்டினார் என்பதற்கு மட்டும் கணக்கு இல்லை.

அதன்பிறகு அரைமணி நேரம் கழித்துத் திரைக்கு அந்தப் பக்கம் பெரிய டாக்டரின் குரல். மெதுவாகப் பேசுவதாக அவருக்கு நினைப்பு, வார்டு முழுக்கக் கேட்டது. வடு இருக்கிற காலில் எதை நம்பிக் கை வைத்தாய் என்று கேட்டார். அதற்கு அந்த அம்மா பதில் சொல்லுமுன் இருந்த இடைவெளியில் அர்த்தநாரியின் நெஞ்சு அடித்த அடியை அந்தப் பேனாக் கருவி கேட்டிருந்தால் பெட்டி வெடித்திருக்கும். சொல்லிவிடுவார், பேஷண்ட் தான் சொன்னார் என்று சொல்லிவிடுவார், இதோ. அவர் சொன்னது, என் தப்புதான் சார். அவ்வளவுதான். அர்த்தநாரியின் பேரை இழுக்கவில்லை. இழுத்திருக்கலாம். இழுத்திருந்தால் நல்லது, இழுத்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும், தானாக வாயைத் திறக்கிற வேலை இல்லை, திறக்க வாயும் இல்லை. அந்த அம்மா இழுக்காமல் விட்டதில் எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே என்று நினைத்தவர் அங்கேயே நின்றார். நிம்மதி வந்ததா. வந்தது. முதலில் வந்தது நிம்மதிதான். மற்றதெல்லாம் பிறகு வந்தது.

"அப்பா, உள்ள கூட்டிட்டுப் போனது ஏழு இருபதுதான?" என்று குணசேகரன் கேட்டான். அர்த்தநாரி கண் திறந்து தலையசைத்தார். மயக்கம் குடுத்தது? வலது கை பக்கத்தில் கிடந்த நோட்டில் 7.55 என்று எழுதிக் காட்டினார். வெளியே வந்தது ராத்திரி பத்து ஐம்பது, அது மகனே குறித்தது. பார்த்தியா, எங்கப்பாகிட்ட நிமிசம் தப்பாது என்று மகன் மனைவியைப் பார்த்துச் சொன்னான். இதைத்தான் ஆதாரமா வெச்சிருக்கேன், எட்டு மணி நேரம்னு சொல்லி பதினஞ்சரை, ஒவ்வொண்ணுக்கும் நேரம் போட்டிருக்கேன், ஒருத்தரும் மறுக்க முடியாது. மருமகள் சுகந்தி ஜன்னல் ஓரம் நின்று ஃபிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஆமாமா, நேரம் போட்டுட்டா அறுந்த குழாய் ஒட்டிக்கும் என்றாள். மாமனைக் கேட்டீங்களா மொதல்ல, கையெழுத்துப் போடறது அவரு, எழுதறது நீங்க, நல்லா இருக்குது உங்க நாயம். மகன் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். கம்பத்தில் ஏறுகிறவன் கையுறை போடாவிட்டால் தன் சொந்த மச்சான் என்றாலும் எழுதிக் கொடுத்துவிடுவான், அப்படி ஒருமுறை கொடுத்தும் இருக்கிறான். யாரிடம் கற்றான் இதை. ராசிபுரம் பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பர் அர்த்தநாரியின் மகன். ஊரில் கடிகாரம் நின்றால் ஆள் அனுப்பி அர்த்தநாரியிடம் மணி கேட்டுத்தான் திருப்பி வைப்பார்கள். எட்டாவதோடு படிப்பு நின்ற ஆள், ஆனால் விசில் ஊதினால் வண்டி நகரவேண்டும், நோட்டில் எழுதினால் அது நேரம். வந்த நேரம், போன நேரம், வண்டி நம்பர், மூன்று கட்டம். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு ஐந்து நிமிடம் பிந்திப் போய் வழியில் லாரி மறித்தது என்று பொய் சொன்னதற்காக இந்தக் குணசேகரனைப் புளியமிளாறால் நாலு அடி அடித்தார். நாலு. முட்டிக்குக் கீழே. பிந்தினதுக்கு இல்லடா, மாத்திச் சொன்னதுக்கு என்று சொல்லிச் சொல்லி அடித்தார். அடித்த கைக்கு மேலே இருக்கிற தோளிலிருந்து கீழே தொடை வரைக்கும் ஒரே உடம்புதானே, அந்தத் தொடையில் அப்போதும் அந்த வடு இருந்தது.

மூன்றாம் தேதி பதினொன்று இருபதுக்கு. வெளி நோயாளிகள் பார்க்கும் அறை. பச்சைத் திரைக்குப் பின்னால் வேட்டியை விலக்கி இரண்டு தொடையிலும் அந்தப் பேனாக் கருவியை வைத்துப் பார்த்தார் டாக்டர் பெனிட்டா. இடது காலில் சத்தம் மெலிசு, வலது காலில் நல்ல சத்தம், ஆனால் அங்கே விரல் நீளத்துக்கு ஒரு வடு. இது என்னங்கய்யா, எப்படி ஆச்சு, ஆழமா என்று கேட்டார். திரை பாதிதான் மூடியிருந்தது, அந்தப் பக்கம் மகன், மருமகள். வேலி முள்ளு கீறுனதுங்க, சின்ன வயசுல, மேலாப்புல என்றார். நாக்கு தயாராக இருந்தது. முப்பத்தொன்பது வருடமாகத் தயாராக இருக்கிற வாக்கியம். செத்துப்போன மனைவி கமலத்திடம் சொன்னது, மகன் குளத்தில் நீச்சல் பழகும்போது கேட்டதற்குச் சொன்னது, எல்லாம் அதே ஐந்தாறு வார்த்தைகள். டாக்டர் வடுவின் மேல் விரலை ஓட்டினார். அப்போ வலதே எடுத்துக்கலாம் என்று உதவியாளரிடம் சொல்லிக் காகிதத்தில் குறித்துக்கொண்டார். அப்படி ஒரே ஒரு தடவை, மகன் பக்கத்தில் இருக்கும்போது, வாய் தவறி. யாராக இருந்தாலும் அந்த இடத்தில். அர்த்தநாரி இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் இப்படித்தான் ஒரு தடவை என்று சொல்லிக்கொள்வார், சொன்னதும் கணக்கு உதைக்கும். ஒரு தடவை இல்லை. இரண்டு. ஒன்பதாம் தேதி, ஆபரேஷனுக்கு முந்தின நாள், சாயங்காலம் ஐந்து பத்து. மகன் ரத்தம் கொடுக்க ஆள் பார்க்கப் போயிருந்தான், மருமகள் கீழே மருந்து வாங்க. வார்டில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒருவருமில்லை. டாக்டர் தனியாக வந்து தொடையில் மையால் கோடு போட்டார். போடும்போது நிமிர்ந்து, ஐயா அந்த வடு மேலாப்புலதானே, நிச்சயமா என்று கேட்டார். அப்போது யார் இருந்தார்கள். ஒருத்தருமில்லை. சொல்லியிருக்கலாம். அம்மா, பையனுக்குத் தெரிய வேண்டாம், இது இப்படி என்று ரகசியமாகச் சொல்லியிருந்தால் அந்தப் பெண் யாரிடம் போய்ச் சொல்லப்போகிறாள். ஆனால் ஒரு தடவை சொன்னதை மாற்றிச் சொல்வதா, மாற்றிச் சொன்னால் அன்றைக்குச் சொன்னது பொய் என்று ஆகிவிடுமே, அதற்கு வெட்கப்பட்டு, அந்த அற்ப வெட்கத்துக்காக, ஆமாங்க என்று தலையாட்டினார். இரண்டு தடவை.

அவருக்குத் தெரியாமலும் இல்லை. அதுதான் முள். தெரியாமல் சொன்னேன், படிக்காத ஆள், வடுவுக்கும் குழாய்க்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று நேற்று ஒரு மணி நேரம் தனக்குத்தானே வாதாடிப் பார்த்தார். முப்பத்தொன்பது வருடம் முன்னால் கரூரில் ஒரு வயதான டாக்டர் அந்தக் காயத்துக்குத் தையல் போட்டுவிட்டு, வேஷ்டி நுனியில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னது காதிலேயே நிற்கிறது. உள்ள ஒரு ரத்தக்குழாயைக் கட்டியிருக்கேன் தம்பி, மத்தது எல்லாம் அதோட ஒட்டித்தான் ஆறும், பின்னாடி எப்பவாச்சும் இந்தக் கால்ல யாராச்சும் கத்தி வெச்சா மறக்காம சொல்லிரு. மறக்கவில்லை. ஒன்பதாம் தேதி ஐந்து பத்துக்கு டாக்டர் பெனிட்டா நிமிர்ந்து கேட்டபோது கரூர் டாக்டர் கண்ணாடி துடைத்தது அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது. வந்த பிறகுதான் தலையாட்டினார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு, பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை, சந்தை நாள். சேலம் போகிற மஞ்சள் வண்டிக்கு ஏழு பத்து, பச்சை வண்டிக்கு ஏழு பதினாலு. நாலு நிமிட இடைவெளி. அந்த நாலு நிமிடத்தில்தான் வழியில் நிற்கிற கூட்டம் யாருக்கு என்பது இருக்கிறது. பச்சை வண்டி கண்டக்டர் பழனிச்சாமி, கமலத்தின் அண்ணன். கல்யாணம் நிச்சயமாகி இருந்தது, தேதி குறிக்கவில்லை. மாப்ள, இன்னைக்கு ஒரு நாளு எங்களை முன்னாடி விடுங்க என்று தோளில் கை போட்டான். அர்த்தநாரிக்கு வயது இருபத்தாறு. மாப்ள என்று முதல் தடவையாக ஒருவன் கூப்பிடுகிறான், பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிடுகிறான். இல்லை என்று சொல்லக் கூச்சம். அவர் வாழ்க்கையில் கெட்டது எல்லாம் இந்தக் கூச்சத்தில்தான் போய் நின்றிருக்கிறது, கோபத்தில் ஒன்றும் இல்லை, ஆசையில்கூட இல்லை. ஏழு பத்துக்குப் பச்சை வண்டிக்கு விசில் ஊதினார். ஏழு ஆறுக்கே வந்து நின்றிருந்த மஞ்சள் வண்டியை நோட்டில் ஏழு பன்னிரண்டுக்கு வந்ததாக எழுதினார். வந்தது பிந்தி, அதனால் போனதும் பிந்தி, கட்டம் சரியாகிவிட்டது. ஆறை அடித்துப் பன்னிரண்டு ஆக்கவில்லை, எழுதும்போதே பன்னிரண்டு என்று அழகாக எழுதினார். மஞ்சள் வண்டி டிரைவர் ரங்கன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, ஏனுங்க டைம்கீப்பரே, உங்க கடிகாரம் இன்னைக்குக் கல்யாண மேளம் கேட்டுதா என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அர்த்தநாரியும் சிரித்தார். ரங்கன் விட்ட நாலு நிமிடத்தைப் பிடிக்க விரட்டிக்கொண்டு போனான். ஏரிக்கரை வளைவில் வண்டி சாய்ந்தது. பதினோரு பேருக்கு அடி. சாவு இல்லை. சாவு இல்லை, சாவு இல்லை என்று அன்றைக்கு எத்தனை பேரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார். கீரை விற்கப் போன ஒரு அம்மாவுக்கு வலது கை முழங்கையோடு போயிற்று. விசாரணையில் நோட்டை வாங்கிப் பார்த்தார்கள். மஞ்சள் வண்டி பிந்தி வந்திருக்கிறது, பிந்தியதை மறைக்க டிரைவர் வேகமாக ஓட்டியிருக்கிறான். நோட்டில் இருப்பது நேரம். ரங்கன் நான் ஏழு ஆறுக்கே வந்தேன் என்று கத்தினானாம், யார் நம்புவார்கள், அர்த்தநாரி எழுதியிருக்கிறாரே. லைசென்ஸ் போயிற்று. இருபது நாள் கழித்து, பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறைக்குப் பின்னால், மத்தியானம் ஒன்று நாற்பதுக்கு, ரங்கன் நீள ஸ்குரூ டிரைவரை அர்த்தநாரியின் வலது தொடையில் இறக்கினான். ஒரே குத்து. குத்திவிட்டு ஓடவில்லை, நின்று பார்த்தான். போலீசுக்குப் போ, போய் ஏன் குத்துனான்னு சொல்லு என்றான். அர்த்தநாரி போகவில்லை. துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கரூர் லாரியில் ஏறினார். ஒன்பது நாள் அங்கே. வீட்டுக்குப் பழனி போனதாகச் சொன்னார், மொட்டைகூட அடித்துக்கொண்டு வந்தார்.

பொய்க்காக மொட்டை அடித்த ஆள் ஊரில் வேறு எவனாவது இருப்பானா. பிறகு ரங்கனை மூன்று தடவை பார்த்தார். ஒரு தடவை தக்காளி மண்டியில் மூட்டை இறக்கும்போது, ஒரு தடவை ஓட்டுப் போடும் வரிசையில், மூன்றாவது தடவை பஸ் ஸ்டாண்டிலேயே. தலை நரைத்து, கண்ணுக்குச் சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டு, யார் என்று தெரியாமல் பக்கத்தில் வந்து, மணி என்னங்க என்று கேட்டான். பதினொன்று நாற்பத்தேழு என்றார் அர்த்தநாரி. சரியான நேரம். குரலைக் கேட்டதும் ரங்கன் ஒரு கணம் நின்றான், பிறகு பக்கத்தில் நின்ற பூக்காரியிடம் போய், மணி என்ன அம்மணி என்று மறுபடி கேட்டான். அதை அர்த்தநாரி காதால் கேட்டார். இப்போது ரங்கன் உயிரோடு இல்லை. அவனுக்குப் பதிலாக ஒரு டாக்டர். ஏறக்குறைய அதே மாதிரி. இவர் சொன்ன பொய்யில் மாட்டிய ஆள் குற்றவாளி, எழுதின நேரம் ஆதாரம். அதே மாதிரி இல்லை, ரங்கனாவது கத்தினான், இந்த அம்மா கத்தவும் இல்லை. ஸ்குரூ டிரைவர் எடுத்துக்கொண்டு வரவும் போவதில்லை. வந்தால் தேவலாம். சொன்னால் என்ன ஆகும், மகனுக்குத் தெரியும், அவ்வளவுதான். மகனுக்குத் தெரிந்தால் என்ன. ஒன்றுமில்லை, இந்த அறுபத்தைந்து வயதில் தனக்கென்று அவனிடம் இருப்பது ஒன்றே ஒன்று, எங்கப்பா நிமிசம் தப்பமாட்டார் என்கிற ஒரு வாக்கியம், அது போகும். சொல்லாவிட்டால் என்ன ஆகும். அந்த அம்மாவை விசாரிப்பார்கள். பெரிய டாக்டர் குரல் போன போக்கைப் பார்த்தால் கத்தி பிடிக்க விடமாட்டார்கள். கையை எடுத்த மாதிரிதான். கீரைக்கார அம்மாவின் கை ஒன்று, இது ஒன்று.

பத்து நாற்பத்தொன்றுக்கு மகன் எழுந்து வந்து தலைமாட்டில் நின்று படித்துக் காட்டினான். கீழே கையெழுத்திடும் அர்த்தநாரி ஆகிய நான் என்று தொடங்கி, அஜாக்கிரதையாக என்று ஒரு இடத்தில், பொறுப்பற்ற முறையில் என்று ஒரு இடத்தில், நடவடிக்கை எடுக்கும்படி என்று முடிந்தது. நடுவில் நேரங்கள் வரிசையாக. நல்ல கையெழுத்து. அவனுக்கு எண் எழுதப் பழக்கியது அவர்தான், ஏழுக்குக் கொக்கி போடாதே, ஒன்று மாதிரி தெரியும் என்று. அட்டையில் தாளை வைத்து, பேனாவைத் திறந்து அவர் விரலுக்குள் செருகினான். போடுங்கப்பா. அவர் பேனாவைப் பிடித்தபடி கிடந்தார். பிடித்தபடியே ஐந்து நிமிடம் கிடந்தார். கையெழுத்துப் போட்டுவிடலாம், பிறகு தனியாக டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. வலிக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று கண்ணை மூடலாம் என்று இன்னொன்று. இரண்டுமே நல்ல யோசனையாக இருந்தன. நல்ல யோசனை வந்தாலே பயமாக இருந்தது. சுகந்தி பக்கத்தில் வந்து, வலிக்குதுங்களா மாமா, முடியலைன்னா விடுங்க, இவருக்கு எல்லாம் இன்னைக்கே ஆகணும் என்று அவர் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். அந்தக் கை பட்டதும் மூடியிருந்த ஏதோ ஒன்று திறந்துகொண்டது. அவர் கையெழுத்து இடத்தை விட்டுவிட்டு, நேரங்கள் முடிகிற வரிக்குக் கீழே இருந்த சந்தில் எழுத ஆரம்பித்தார். சின்னச் சின்ன எழுத்தாக, மகனின் எழுத்தோடு முட்டாமல். 3ஆம் தேதி 11.20. டாக்டர் வடு பற்றிக் கேட்டார்கள். வேலி முள் என்றேன். பொய். 9ஆம் தேதி மாலை 5.10. மறுபடி கேட்டார்கள். அப்போது தனியாக இருந்தேன். மறுபடி பொய். 1986 ஸ்குரூ டிரைவர் குத்து. உள்ளே ரத்தக்குழாய் கட்டியது. யார் கத்தி வைத்தாலும் சொல்லச் சொன்னார்கள். ஞாபகம் இருந்தும் சொல்லவில்லை. டாக்டர் மேல் குற்றம் இல்லை.

குணசேகரன் நின்றபடியே படித்தான். இரண்டாவது தடவை உட்கார்ந்து படித்தான். யார் குத்தினது என்று கேட்டான். நோட்டை இழுத்து எழுதினார், மஞ்சள் வண்டி டிரைவர் ரங்கன். எதுக்கு. பேனா ஒரு நிமிடம் தாளின் மேலேயே நின்று மை ஊறி ஒரு பொட்டு விழுந்தது. நேரத்தை மாற்றி எழுதினேன் என்று எழுதினார். மகன் அந்த மூன்று வார்த்தையை மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் பார்த்தான். முட்டிக்குக் கீழே கையை வைத்து லேசாகத் தடவிக்கொண்டான், அவனுக்கே தெரியாமல். தாளைக் கிழிப்பான் என்று அர்த்தநாரி எதிர்பார்த்தார், அவன் கிழிக்கவில்லை. சுகந்தி ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள், அது முன்னமே மூடித்தான் இருந்தது.

டாக்டர் பெனிட்டா வந்தபோது மகன் எழுந்து தாளை நீட்டினான். அவர் முதலில் அதைப் புகாராகத்தான் படித்தார், முகம் இறுகியது, பிறகு கீழே வந்ததும் நிதானித்தது. சின்ன எழுத்து என்பதால் ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய்ப் படித்தார். அர்த்தநாரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வரட்டும். வந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு பெருமூச்சாவது, அப்பாடா தப்பித்தேன் என்று, அதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது. டாக்டர் தாளை மடித்து மகனிடமே கொடுத்தார். கட்டில் பக்கத்தில் வந்து, இந்த முறை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"குற்றம் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. அது சரியில்லைங்கய்யா. வடுவை நான் பாத்தேன். ஸ்கேன் எடுத்துப் பாத்திருக்கணும். எடுக்காம உங்க வார்த்தையை நம்புனேன் பாருங்க, அது என் தப்பு."

குரலில் ஒரு சூடும் இல்லை. ஆறுதலாகத்தான் சொன்னார். அர்த்தநாரிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. டாக்டர் கழுத்தில் மை வைத்த இடத்தில் கருவியை வைத்துக் கேட்டார், முப்பது வரைக்கும் கேட்டார், வாய்க்குள் பார்த்தார், அட்டையில் எழுதினார். பிறகு, இது நல்லா இருக்கு, ஆனா இன்னும் ஒரு நாள் போகணும், ஒருவேளை இதுவும் நிக்கலைன்னா இடது கால்லதான் எடுக்கணும், அந்தக் கால்ல எப்பவாச்சும் அடி, குத்து, ஆபரேஷன் எதாச்சும் உண்டா என்று கேட்டார்.

அர்த்தநாரி இல்லை என்று தலையசைத்தார். உண்மையாகவே இல்லை. ஒரு கீறல் இல்லை. அவர் கண்ணைப் பார்த்து இன்னொரு தடவை அசைத்தார்.

டாக்டர் சரி என்று சொன்னார். சொல்லிவிட்டுக் கையுறையை மாற்றிக்கொண்டு, போர்வையை விலக்கி, இடது தொடையை இடுப்பு மடிப்பிலிருந்து முட்டி வரைக்கும் விரலால் அழுத்தி அழுத்தி, ஒரு அங்குலம் விடாமல் தேட ஆரம்பித்தார்.